முதலாம் வருடத்தவருக்கு வழிகாட்டப் போகும் தங்கச்சிக்கு

கேள்வி: நான் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். சொந்த இடம் மூதூர். புதிதாக வரும் முதலாம் வருட மாணவர்களுக்கு வழிகாட்ட எங்கள் துறையில் ஆள் தேடினார்கள், ஒருவருக்கு ஆறு பேர் என்று. பெயர் கொடுத்துவிட்டேன். இப்போது பயமாக இருக்கிறது. நான் பட்டத்தில் கிளாஸ் (சிறப்புத் தரம்) எடுக்கிற ஆள் இல்லை, ஒரு பாடத்தில் தவறி ரிப்பீட்டும் எழுதியிருக்கிறேன். யாராவது பெரிய பிரச்சினையோடு வந்தால் என்ன சொல்வது? அசைன்மென்ட் செய்து தரச் சொன்னால் மறுக்கலாமா? பகிடிவதைக்குச் சேராமல் புதியவர்களோடு ஆரம்பத்திலேயே நன்றாகப் பழகினால் என் பட்ச்காரர் (என்னோடு ஒரே வருடத்தில் சேர்ந்தவர்கள்) என்ன நினைப்பார்களோ என்றும் யோசனை. இதற்குச் சான்றிதழ் கேட்பது சரியா?

பதில்:

அன்புத் தங்கச்சி, முதலில் அந்த ரிப்பீட். அதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு பாடத்தில் தவறிய பிறகு எந்தக் கந்தோருக்குப் போக வேண்டும், விண்ணப்பத்துக்கு எந்தத் திகதிக்குள் பெயர் கொடுக்க வேண்டும், திரும்ப எழுதும்போது எத்தனை நன்றாகச் செய்தாலும் பெரும்பாலும் சீ தரத்துக்கு மேல் பதியமாட்டார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எல்லாப் பாடத்திலும் ஏ எடுத்தவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. முதலாம் வருடத்தில் தடுமாறும் பிள்ளை உங்களிடம்தான் வாய் திறக்கும்.

வரும் பிரச்சினையைத் தீர்த்துவைக்கும் பொறுப்பு உங்களுடையதல்ல. அது எங்கே தீரும், அங்கே யாரைப் பார்க்க வேண்டும், கையில் என்ன கொண்டுபோக வேண்டும் என்று தெரிந்து வைத்திருப்பதும், தேவைப்பட்டால் அந்த வாசல் வரை கூட நடந்துபோவதும்தான் உங்கள் வேலை. இந்த எல்லையை மனதில் வைத்தால் உங்கள் பயத்தில் பாதி போய்விடும். இதை மறந்தவர்கள்தான் இரண்டு மாதத்தில் களைத்துப்போய், தொலைபேசியை எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். தொடங்கிவிட்டுக் காணாமற்போகும் வழிகாட்டி, தொடங்காதவரைவிடக் கூடுதலாகக் காயப்படுத்துவார்.

ஆகவே புதியவர்கள் வருவதற்கு முந்திய வாரத்தை உங்கள் ஆயத்தத்துக்கு எடுங்கள். ஒரே ஒரு தாள் தயாரித்தால் போதும். பீடத்தின் மாணவர் ஆலோசகர்கள் (ஒரு ஆண், ஒரு பெண் என இருவரையும் போடுங்கள்), விடுதிப் பொறுப்பாளர், உதவிப் பதிவாளர் கந்தோரில் முதலாம் வருடக் கோப்புகளைப் பார்ப்பவர், பரீட்சைப் பிரிவு, மருத்துவ நிலையம், நூலகத்தில் உதவி செய்பவர். ஒவ்வொருவருக்கும் அறை இலக்கம், எந்த நாளில் எத்தனை மணிக்கு இருப்பார், எந்த மொழியில் கதைக்கலாம் என்று எழுதுங்கள். இணையத்தில் பார்த்து எழுத வேண்டாம், நேரில் போய்க் கேட்டு எழுதுங்கள். போகும்போதே, “முதலாம் வருடப் பிள்ளை ஒருவரை நான் கூட்டிக்கொண்டு வந்தால் நேரே உங்களிடம் வரலாமா?” என்று கேட்டு வையுங்கள். முன்கூட்டியே ஒருமுறை முகம் காட்டியிருந்தால், பிறகு அவசரமாக வரும் நாளில் வாசலில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கத் தேவைப்படாது. கூடவே உங்கள் பீடக் கைநூலில் வரவு, பரீட்சைக்கு வராமை, ரிப்பீட், பரீட்சை மோசடி ஆகிய நான்கு பகுதிகளையும் மறுபடி வாசித்து விடுங்கள். நீங்கள் சேர்ந்தபோது இருந்த விதி இன்றைக்கும் அப்படியே இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

முதல் தொடர்பு பதிவு நாளுக்கு முன்னரே போகட்டும். நீளமாக வேண்டாம். உங்கள் பெயர், துறை, வருடம், பிறகு நாளைக்கு உதவும் விடயங்கள் மட்டும்: மூலச் சான்றிதழ்களோடு ஒவ்வொன்றிலும் இரண்டு போட்டோப் பிரதி, கடவுச்சீட்டு அளவுப் படம், பேனை, பசை, நகர பஸ் நிலையத்தில் நிலாவெளிப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி கோணேசபுரியில் இறங்கவும், பெற்றோர் வந்தால் எங்கே இருக்கலாம். மலையகத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் இரவு முழுக்கப் பயணம் செய்து வரும் பிள்ளைக்கு இந்த ஐந்து வரிதான் பெரிய ஆறுதல். “எதுவென்றாலும் எப்பவும் கேளுங்க” என்று மட்டும் முடிக்காதீர்கள். எப்பவும் என்று சொன்னால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். “நாளை பத்தரைக்கு நூலக வாசலில் நிற்பேன், நீல நிற உடுப்பு” என்று எழுதினால் வந்து நிற்பார்கள்.

முதல் சந்திப்பு நாற்பத்தைந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். சிற்றுண்டிச்சாலையோ மரநிழலோ, நாலு பேர் கண்ணில் படுகிற இடமாக இருக்கட்டும். ஆளுக்கு ஒரு பிளேன்டீ இருந்தால் வாய் இலகுவாகத் திறக்கும். வட்டமாக இருந்து “உங்களைப் பற்றிச் சொல்லுங்க” என்று தொடங்கினால் முதலாவது ஆள் பெயரும் ஊரும் பாடசாலையும் சொல்வார், மற்ற ஐந்து பேரும் அதையே திருப்பிச் சொல்வார்கள். அதற்குப் பதிலாக, “வந்ததிலிருந்து எது விளங்கவில்லை? ஒன்று சொல்லுங்க” என்று கேளுங்கள். நீங்களே முதலில் ஒன்றைச் சொல்லுங்கள், உங்களுக்கு முதல் வாரத்தில் விளங்காததை. நேரசூசியில் உள்ள சுருக்கெழுத்து, விரிவுரை மண்டபம் எது, விடுதியில் தண்ணீர் எந்த நேரம் என்று சின்னச் சின்னதாக வரும். அவற்றுக்கு உடனே பதில் கொடுங்கள். பெரியது பிறகு வரும்.

நேரம் வைப்பதில் எங்கள் ஊருக்கென்று சில கணக்குகள் உண்டு. வெள்ளிக்கிழமை மதியம் வைத்தால் ஜும்ஆவுக்குப் போகும் பிள்ளைகள் வரமுடியாது. நோன்பு மாதத்தில் பின்னேரம் வைத்தால் நோன்பு திறக்க ஓட வேண்டியிருக்கும், காலை பத்து மணி நல்லது. வெள்ளியன்று மரக்கறி மட்டும் சாப்பிடும் பிள்ளைகளும் இருப்பார்கள், வாங்கும் சிற்றுண்டியில் அதையும் பாருங்கள். ஆறு பேரில் ஒரு சிங்களப் பிள்ளை இருந்தால் பத்து நிமிடத்தில் பேச்சு தமிழுக்கு வழுக்கிவிடும், அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே பேசாமல் இருக்கும். குழுவின் வட்ஸ்அப் செய்திகளை எளிய ஆங்கிலத்தில் போடுங்கள். சந்திப்பில் ஒரு விடயம் தமிழில் போனால் அதன் சாரத்தை நீங்களே ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்லுங்கள். உங்கள் ஆங்கிலம் பிழையாக இருந்தாலும் பரவாயில்லை. நீங்கள் தயங்காமல் கதைப்பதைப் பார்த்துத்தான் மற்ற ஐந்து பேருக்கும் வாய் வரும்.

முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு இரண்டு முறை சந்தியுங்கள். பிறகு ஆறாம் வாரம் வரை வாரம் ஒருமுறை, அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். மூன்றாம் வாரத்துக்கும் ஆறாம் வாரத்துக்கும் இடைப்பட்ட காலத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். வரவேற்பு ஆரவாரம் முடிந்திருக்கும், வீட்டிலிருந்து கொண்டுவந்த காசு கரைந்திருக்கும், செமஸ்டருக்கு நடுவே வைக்கும் முதல் இன்கோர்ஸ் டெஸ்ட் நெருங்கும், உயர்தரத்தில் வகுப்பில் முதலாவதாக நின்ற பிள்ளை இங்கே தன்னைப் போல நூறு பேரைக் கண்டு குன்றிப்போயிருக்கும். படிப்பை விட்டுவிடலாமா என்ற எண்ணம் முளைப்பது பெரும்பாலும் இந்த நாட்களில்தான். ஆகவே மூன்றாம் வாரத்தில் ஒவ்வொருவரோடும் தனியாகப் பதினைந்து நிமிடம் கதையுங்கள். தொடர்ந்து இரண்டு நாள் விரிவுரைக்கு வராதது, வியாழன் பின்னேரமே ஊருக்குப் போய் செவ்வாய் திரும்புவது, செய்தியை வாசித்துவிட்டுப் பதில் போடாதது, “சாப்பிட்டாச்சு” என்று ஒவ்வொரு நாளும் சொல்லிச் சிற்றுண்டிச்சாலைப் பக்கமே வராதது, இவற்றைக் கண்டால் அந்தத் தனிப்பேச்சை அந்த வாரமே வையுங்கள்.

கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் காசுப் பிரச்சினை. மகாபொல புலமைப்பரிசில் கிடைத்தாலும் முதல் கொடுப்பனவு கைக்கு வர மாதங்கள் போகலாம். கிடைக்காதவர் பர்சரி என்ற உதவிப்பணத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குக் குடும்ப வருமானத்தை உறுதிப்படுத்தும் கிராம உத்தியோகத்தரின் கடிதமும் பிரதேச செயலகத்தின் ஒப்பமும் தேவைப்படும் என்பதால், ஊருக்குப் போகும் முதல் முறையே எடுத்துவரச் சொல்லுங்கள். ஹட்டனிலிருந்தோ வவுனியாவிலிருந்தோ வந்த பிள்ளைக்கு அதற்காக இரண்டாம் பயணம் என்பது இரண்டு நாள் வரவும் ஒரு தொகைக் காசும். நீங்கள் கடன் கொடுக்க வேண்டாம். பஸ் காசுக்கும் ஒரு நேரச் சாப்பாட்டுக்கும் மேல் போனால், திருப்பித் தர முடியாத பிள்ளை வெட்கத்தில் உங்களைத் தவிர்க்கத் தொடங்கும். ஆலோசகரிடம் சொன்னால் வேறு வழிகள் இருக்கின்றன.

படிப்பு விடயத்தில், தனியார் வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் போட்டதைப் பார்த்து எழுதிப் பழகிய பிள்ளைகளுக்கு வளாகத்து வேலையின் அளவு தெரியாது. நேரசூசியில் வெற்றிடத்தைப் பார்த்து ஓய்வு என்று நினைப்பார்கள். ஒரு தாளில் இப்படிக் கணக்கிட்டுக் காட்டுங்கள். எங்கள் நாட்டுத் தகைமைக் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட் என்பது மாணவர் செலவிட வேண்டிய 50 மணித்தியாலம். அதில் விரிவுரை 15 மணித்தியாலமளவு. 3 கிரெடிட் பாடத்துக்கு மொத்தம் 150, விரிவுரை 45. மிச்சம் 105 மணித்தியாலமும் சொந்த வாசிப்பு, பயிற்சி, அசைன்மென்ட், பரீட்சை ஆயத்தம். 15 வாரத்துக்குப் பிரித்தால் ஒரு பாடத்துக்கு வாரம் 7 மணித்தியாலம். செமஸ்டருக்கு 15 கிரெடிட் என்றால் விரிவுரையோடு சேர்த்து வாரம் 50 மணித்தியாலம். இதைப் பார்த்ததும் முகம் மாறும். அப்போது பயமுறுத்தாமல் நேரசூசியில் அந்த மணித்தியாலங்களை எங்கே வைப்பது என்று சேர்ந்து நிரப்புங்கள்.

வரவுக்கும் அதே மாதிரி. 80 வீதம் கேட்கும் பாடத்தில், 45 மணித்தியாலத்தில் 9 மணித்தியாலம் மட்டுமே தவறலாம், அதாவது மூன்று வாரம். ஒரு டெங்குக் காய்ச்சல் வந்தாலே அது முடிந்துவிடும் என்பதால், முதல் மாதத்தில் சும்மா கட் பண்ணிவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். காய்ச்சலோடு ஊருக்குப் போகும் பிள்ளை செய்யும் பெரிய பிழை, ஒருவருக்கும் அறிவிக்காமல் போய்ப் பத்து நாள் கழித்து மெடிக்கலோடு வருவது. பரீட்சை நாளில் சுகமில்லை என்றால் கைநூலில் உள்ள காலக்கெடுவுக்குள் பீடத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சான்றிதழ் யாரிடமிருந்து, எந்த வடிவத்தில் என்பதும் அங்கேயே இருக்கிறது. கெடு தாண்டிவிட்டால் உண்மையான நோயும் காரணமாக எடுபடாமல் போகக்கூடும்.

கிரெடிட் கணக்கில் எடுக்கும் சராசரிப் புள்ளியான ஜீபிஏயையும் முதல் மாதமே விளக்குங்கள். 3 கிரெடிட் பாடத்தில் ஏ மைனஸ் (3.7), இன்னொரு 3 கிரெடிட்டில் பீ (3.0), 2 கிரெடிட்டில் சீ (2.0) எடுத்தால், 11.1, 9, 4 என்று கூட்டி 24.1 ஐ 8 ஆல் பிரிக்க 3.01. கிரெடிட் கூடிய பாடத்தை அலட்சியம் செய்தால் எவ்வளவு இழுக்கும் என்று அவர்களே விளங்கிக்கொள்வார்கள். முதலாம் வருடப் புள்ளி கிளாஸுக்குச் சேருமா என்பது பட்டத்துக்குப் பட்டம் வேறுபடும். உங்கள் கைநூலைத் திறந்து காட்டிச் சொல்லுங்கள், நினைவிலிருந்து சொல்ல வேண்டாம்.

உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு ஆங்கில விரிவுரையில் உட்காரும் பிள்ளைக்கு, “ஆங்கிலம் படி” என்பது உதவாத அறிவுரை. செய்யக்கூடியதைச் சொல்லுங்கள். விரிவுரைக்கு முதல் நாள் இரவு ஸ்லைடை இருபது நிமிடம் பார்த்து, தெரியாத பத்துச் சொல்லை மட்டும் கொப்பியில் எடுத்துத் தமிழ்ப் பொருள் எழுத வேண்டும். விரிவுரையில் எல்லாவற்றையும் பிடிக்க முயலாமல் அந்தப் பத்துச் சொல் வருகிற இடங்களைப் பிடித்தால் போதும். அன்று பின்னேரம் விளங்கியதை ஐந்து ஆங்கில வசனமாக எழுதட்டும், அதைப் பத்து நிமிடத்தில் நீங்கள் பார்த்துக் கொடுங்கள். ஒரு செமஸ்டருக்குள் மாற்றம் தெரியும்.

குப்பி, அதாவது மூத்த மாணவர் இளையவர்களுக்குப் பாடம் விளக்கும் வகுப்பு, எடுக்கும்போதும் இதைக் கவனியுங்கள். விளக்கத்தைத் தமிழில் கொடுத்துவிட்டு அப்படியே எழும்பிப் போனால், பிள்ளைகளுக்கு விடயம் தெரியும், விடைத்தாளில் எழுத வராது. தமிழில் விளக்கியதும் அதே கேள்விக்கு ஆங்கிலத்தில் நாலு வரி எழுத வைத்துத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். பரீட்சைக்கு இரண்டு வாரம் முன் தொடங்குங்கள், பழைய வினாத்தாள்களை வைத்துச் செய்யுங்கள். “இது கட்டாயம் வரும்” என்று பட்டியல் கொடுப்பதை அறவே விடுங்கள். ஒருமுறை வராமல் போனால் ஆறு பிள்ளைகளின் செமஸ்டரும் உங்கள் ஊகத்தோடு போய்விடும்.

அசைன்மென்ட் செய்து கொடுக்க மறுக்கலாம், மறுக்கத்தான் வேண்டும். எழுதிக் கொடுத்தவர், தன் பெயரில் கொடுத்தவர் இருவர் மீதும் நடவடிக்கை வரும், அதில் உங்கள் பட்டமும் அடங்கும். உங்கள் பழைய அசைன்மென்டை “பார்த்துவிட்டுத் தாங்க” என்று கொடுப்பதும் ஆபத்து, அது விடுதி முழுக்கப் போய்விடும். “எழுதித் தரமாட்டேன், ஆனா கேள்வியைப் பிரிக்கச் சொல்லித் தாறேன், வாங்க” என்று அமர்த்துங்கள். கேள்வியில் உள்ள வினைச்சொல்லை, விபரி என்றா ஒப்பிடு என்றா மதிப்பிடு என்றா கேட்டிருக்கிறது என்று பார்க்க வைத்து, புள்ளி எப்படிப் பிரிகிறது என்று காட்டி, முதல் பந்தியை உங்கள் கண் முன்னே எழுத வையுங்கள். அரைமணி நேரம் போதும். செய்து தரக் கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு எங்கே தொடங்குவது என்றுதான் தெரியாது.

இப்போது பட்ச் விடயம். பகிடிவதை பற்றிய 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மாணவர் ஒருவர் உயிரிழந்ததற்கு அடுத்த ஆண்டு வந்தது. உடலுக்கோ மனதுக்கோ காயமோ வேதனையோ அச்சமோ ஏற்படுத்துகிற, ஏற்படுத்தக்கூடிய எதுவும் அதன் கீழ் பகிடிவதைதான். இரண்டு ஆண்டு வரை கடூழியச் சிறை, பாலியல் தொந்தரவோ கடுங்காயமோ சேர்ந்தால் பத்து ஆண்டு வரை. “பகிடி இல்லாவிட்டால் ஒற்றுமை வராது” என்று யாராவது சொன்னால் விவாதத்துக்குப் போகாதீர்கள். “துறை கொடுத்த வேலை, செய்கிறேன்” என்ற ஒரு வரியோடு நில்லுங்கள். தனியாக நிற்பதுதான் கஷ்டம். ஆகவே உங்கள் பட்சிலேயே பெயர் கொடுத்த மற்றவர்களை முதல் வாரத்துக்கு முன் கூட்டிக் கதைத்து, சந்திப்புகளை ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் வையுங்கள். ஐந்து பேர் சேர்ந்து செய்தால் அது வழக்கமாகிவிடும். பொறுப்பான விரிவுரையாளர் ஒருவரிடம் அறிவித்தல் பலகையில் உங்கள் பெயர்களைப் போடச் சொல்லுங்கள், அதுவும் கவசம். உங்கள் ஆறு பேரில் யாராவது நடந்ததைச் சொன்னால், திகதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை, செய்தி வந்திருந்தால் அதன் ஸ்கிரீன்ஷொட் என்று அன்றே எழுத வைத்து, ஆலோசகரிடம் கூட்டிப் போங்கள். நீங்களே செய்தவரிடம் போய்க் கேட்டால் அந்தப் பிள்ளைக்கு இரண்டாம் தரம் அடி விழும்.

நீங்கள் அதிகம் பயந்த “பெரிய பிரச்சினை”க்கு வருகிறேன். ஒரு பிள்ளை அழுதால் முதலில் செய்ய வேண்டியது பேசாமல் இருப்பது. “இதுக்கெல்லாம் அழலாமா”, “எனக்கும் இப்படித்தான்” இரண்டும் கதையை அங்கேயே நிறுத்திவிடும். “சொல்லுங்க, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்” என்றால் போதும். ரகசியம் காப்பேன் என்று முழுவாக்குக் கொடுக்காதீர்கள். “மற்றவங்களிட்ட சொல்லமாட்டன். உங்கட உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றா மட்டும் உதவக்கூடிய ஒருவரிட்ட சொல்லுவன், உங்களுக்குச் சொல்லிட்டுத்தான் சொல்லுவன்” என்று முதல் சந்திப்பிலேயே எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

வாழ விருப்பமில்லை என்ற சாயலில் ஒரு வார்த்தை வந்தால் சுற்றி வளைக்காதீர்கள். “தற்கொலை செய்யிற யோசனை வருதா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. கேட்டால் பாரம் இறங்கும், எவ்வளவு அவசரம் என்று உங்களுக்கும் தெரியும். ஆம் என்றால் தனியே விடாதீர்கள், மருந்து, கயிறு, கூர்மையானது எதுவும் கைக்கெட்ட வேண்டாம், ஒரு தோழியைக் கூப்பிட்டு ஆலோசகருக்கோ விடுதிப் பொறுப்பாளருக்கோ அறிவிக்க வையுங்கள். தேசிய மனநல உதவித் தொலைபேசி 1926 இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, 1333 இலும் கதைக்கலாம். ஏற்கனவே ஏதாவது குடித்திருந்தால், காயப்படுத்தியிருந்தால் 1990 அம்புலன்ஸ், நேரே திருகோணமலை வைத்தியசாலை. “ஒன்றுமில்லை, சும்மா இரண்டு பனடோல்” என்றாலும் கொண்டு போங்கள். பரசிட்டமோல் கூடுதலாக எடுத்தவர் முதல் நாள் நன்றாக இருப்பது போலத் தெரியும், ஈரல் பாதிப்பு பிறகுதான் காட்டும். வைத்தியர் கையில் ஒப்படைத்தவுடன் உங்கள் வேலை முடிந்தது. அன்றிரவு நீங்களும் உங்கள் ஆலோசகரோடு கதையுங்கள், தனியே சுமக்க வேண்டாம்.

மற்ற நாட்களில் இரவு ஒன்பது மணிக்குப் பிறகு அவசரம் தவிர்ந்த அழைப்புகளுக்கு அடுத்த நாள் பதில் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். அவர்களது விடுதி அறையில் சந்திப்பு வைக்காதீர்கள். உங்கள் குழுவில் ஒருவரோடு காதல் என்ற எண்ணம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும், அந்தப் பிள்ளையை உடனே வேறு வழிகாட்டிக்கு மாற்றிக் கொடுங்கள்.

கடலைப் பற்றியும் சொல்லாமல் விடக்கூடாது. உள்நாட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு நிலாவெளிக் கடல் கண்டதும் இறங்கச் சொல்லும். எங்கள் பக்கம் சித்திரையிலிருந்து ஆவணி வரை அமைதியாக இருக்கும் கடல், வடகீழ்ப் பருவமழையோடு மார்கழி, தை மாதங்களில் இழுக்கும். நீந்தத் தெரியாதவர் முழங்கால் தண்ணீருக்கு மேல் போகக்கூடாது, யாரும் தனியே போகக்கூடாது என்று முதல் வாரமே சொல்லுங்கள்.

சான்றிதழ் கேட்பதில் எந்தத் தப்பும் இல்லை. வருட முடிவில் கேட்டால் ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது, இப்போதே பொறுப்பான விரிவுரையாளரிடம் கேளுங்கள். எத்தனை மாணவர், எந்தக் காலம், எத்தனை சந்திப்பு, என்ன பயிற்சி என்று அதில் வர வேண்டும். அதற்காக ஒரு சிறு கொப்பி வையுங்கள்: திகதி, எத்தனை பேர் வந்தார்கள், பொது விடயம் என்ன, யாரிடம் அனுப்பினேன், அவ்வளவுதான். பிள்ளைகள் சொன்ன சொந்தக் கதை ஒரு வரியும் அதில் ஏறக்கூடாது, பெயருக்குப் பதில் முதலெழுத்துப் போடுங்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது “ஆறு முதலாம் வருட மாணவர்களுக்கு ஒரு கல்வியாண்டு வழிகாட்டினேன்” என்று எழுதி, நேர்முகத்தில் கேட்டால் அந்தக் கொப்பியிலிருந்து விளக்கலாம்.